மலைவழியும் மலைவீடும்



மலையைப் பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். மலைவழியைப் பாடியவரோ சிலரே. அச்சிலருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தர் தலைவன், எதிர்வரும் கூத்தர்க்கு வழி கூறுவதாக அமைந்தது அப்பாட்டு. 583 அடிகள் கொண்ட அந்நூலில் அரசனின் புகழைவிட வழியின் செய்தியே மிகுதி. தினைப்புனத்தருகே பன்றிக்கு வைத்த பொறி எங்குள்ளது, பரண்மேல் இருப்போர் எறியும் கவண்கல்லிலிருந்து எவ்வாறு தப்புவது, வழுக்கும் பாறையில் எதைப் பற்றிச் செல்வது என ஒவ்வொன்றும் சொல்லப்படுகிறது. குறவர் குடியிருப்பை அடைந்தால் சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழையலாம், உறவினர்போல் உணவு பெறலாம் என்றும் கூறப்படுகிறது. அப்பாட்டில் மலைவீட்டின் வாயில் வழிநடப்போரை நோக்கித் திறந்திருக்கிறது.

இன்றைய மலையில் வீட்டுக்கும் வழிக்கும் உள்ள உறவு யாது என்பதே இவ்வுரையின் வினா. அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது சேர்வராயன் மலையும் அதன்மேல் அமைந்த ஏற்காடும்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் சாலை ஒன்றையே பயணியர் பலரும் அறிவர். சாலைக்கு முன்பே மலையில் வழிகள் இருந்தன. புதிய கற்காலத்தைச் சேர்ந்த கற்கோடரிகள் இம்மலையில் கிடைத்துள்ளன. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து மலைகளில் குடியேறினர் என்பது மலையாளிப் பழங்குடியினரின் வழிவழிக் கதை. பெயர் மலையாளி, பேச்சு தமிழ். வாழவந்தி, நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை முதலிய ஊர்களை இணைத்தவை அம்மக்களின் காலடி வழிகளே. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டிருப்பது, இம்மலையின் முதற்குடிகள் யார் என்பதை அரசும் ஏற்றதன் அடையாளம்.

1820 முதல் 1829 வரை சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்குக் காப்பியையும் பழமரங்களையும் அறிமுகப்படுத்தினார். காப்பித் தோட்டம் வந்தது. தோட்டத்தின் நடுவே பங்களா எழுந்தது. பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912-இல் மறைந்த அவருக்கு இங்குள்ள திரித்துவத் தேவாலயத்தில் நினைவிடம் உண்டு. 1917-இல் மான்ட்போர்ட் பள்ளி தொடங்கப்பட்டது. 1963-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் அமைந்தது. இவ்வாறு தனியார் மாளிகையும் பொது நிறுவனமும் ஒரே மேட்டில் அருகருகே வளர்ந்தன. பின்னர் விருந்தினர் விடுதிகளும், சமவெளிச் செல்வர்களின் கோடை இல்லங்களும், கைபேசிக் கோபுரங்களும் வந்து சேர்ந்தன.

ஏரிக்கரையிலிருந்து நடக்கத் தொடங்கும் ஒருவர் இக்கலப்பை விரைவில் உணர்வார். ஒருபுறம் காப்பிச் செடிகளும், நிழல் தரும் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும். மறுபுறம் மதிலும் இரும்புக் கதவும். கதவின்மேல் வீட்டின் பெயர் இருக்கும். பெரும்பாலும் அது காட்சியையோ மேகத்தையோ குறிக்கும் பெயராக இருக்கும். ஆனால் காட்சியைப் பட்டாவில் எழுத இயலாது. இதற்கு நல்ல சான்று லேடீஸ் சீட் எனப்படும் முனை. ஆங்கிலச் சீமாட்டி ஒருத்தி மாலைதோறும் வந்தமர்ந்ததால் அப்பெயர் வந்தது என்பர். இன்று அங்கே நின்று சேலத்தின் விளக்குகளைக் காண்போர் எண்ணற்றோர். தெளிந்த நாளில் மேட்டூர் அணையும் தெரியும் என்பர். ஒருத்தியின் இருக்கை ஊரின் இருக்கையாயிற்று.

அங்கிருந்து சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் வழி மேலும் உயரும். 5,326 அடி உயரத்தில், பரந்த மேட்டுவெளியில், குனிந்து நுழையவேண்டிய இருண்ட குகையே கோயில். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கு உறைகின்றனர். குகைவழி காவிரியைச் சென்றடையும் என்பது மக்கள் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவில் சுற்று ஊர்களிலிருந்து மக்கள் மலையுச்சியில் திரள்வர். மலையின் மிக உயர்ந்த இடத்தில் எந்தச் செல்வரின் மாளிகையும் இல்லை. எல்லார்க்கும் உரிய குகை இருக்கிறது. எனினும் உச்சிகளுக்கும் விலை வந்ததுண்டு. மேட்டூரில் 1965-இல் உற்பத்தி தொடங்கிய அலுமினிய ஆலைக்காக இம்மலையின் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டது.

குகைக்கும் காவிரிக்கும் உறவு கூறும் நம்பிக்கையைப் பழங்கதை என ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சேலம் நகரினூடே ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர் வழியே செல்லும் சரபங்காவும் சேர்வராயன் மலையில் தோன்றிக் காவிரியைச் சேர்வன. வாணியாறு மறுபக்கம் இறங்கித் தருமபுரி மாவட்டத்து வயல்களுக்குச் செல்கிறது. மேட்டில் பெய்யும் மழை, எவர் வேலிக்குள் விழுந்தாலும், கீழுள்ளோர்க்கு உரிய நீரே. மலையுச்சியின் முதற்பொதுப்பணி அரசு கட்டியதன்று. மண்ணும் மரமும் வேரும் சேர்ந்து செய்யும் நீர்ப்பணி அது. ஏற்காட்டை மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் எல்லைக்குள் வைத்துக் கட்டடங்களுக்கு வரையறை விதித்ததன் நியாயமும் இதுவே.

பம்பாயின் மலபார் குன்று இதனைக் கண்கூடாகக் காட்டும். ஆளுநர் மாளிகையும் நாட்டின் பெருஞ்செல்வர் இல்லங்களும் உள்ள குன்று அது. அதன் உச்சியில் உள்ள தொங்கு தோட்டத்துப் பூச்செடிகளின் கீழே, 1880-களில் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் தென் பம்பாய்க்குக் குடிநீர் தருகிறது. குடிசையில் குழாய் திறப்பவருக்கும் அக்குன்றில் பங்குண்டு என்பது பொருள். 2020-ஆம் ஆண்டுப் பெருமழையில் அக்குன்றின் சரிவு ஒன்று இடிந்து விழுந்தது. 2025-இல் மரங்களினூடே உயர்ந்த நடைபாதை ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விலை மிகுந்த மண்ணிலும் நடப்போர்க்கு இடம் ஒதுக்க இயலும் என்பதற்கு அது சான்று.

வழியுரிமை இரக்கத்தால் வருவதன்று. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, பிறர் நிலத்தின் வழியே ஒருவர் வெளிப்படையாகவும் அமைதியாகவும் உரிமையோடும் 20 ஆண்டுகள் இடையறாது நடந்துவந்திருந்தால், அவ்வழி அவருக்கு உரியதாகும். இங்கே காலடியே ஆவணம். இங்கிலாந்தில் 1932-இல் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தடையை மீறி நடந்தோர் சிலர் சிறை சென்றனர். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் ஊர்ப்புற வழிகளுக்கும் அங்குச் சட்டம் பிறந்தது. இவ்விரண்டும் உணர்த்துவது, நடப்பதை விட்டுவிட்டால் நடக்கும் உரிமையும் தேய்ந்துபோகும் என்பதே.

மாளிகை வாழ்வோர் அனைவரும் மலைக்குப் பகைவர் என்பது இதன் கருத்தன்று. நிழல்மரம் காத்த தோட்டங்கள் மண்ணையும் காத்துள்ளன. பலர்க்கு வேலை தந்துள்ளன. மலையெங்கும் நெகிழிப் புட்டியை எறிந்து செல்பவர் பொதுவழியில் வந்த பயணியே. ஆயினும் இருவர் இழப்பும் ஒன்றன்று. வேலியொன்று பழைய ஒற்றையடிப் பாதையை மறித்தால், விடுதி விருந்தினர் அதனை அறியவும் மாட்டார். தலைச்சுமையோடு வரும் பெண்ணும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் அன்றுமுதல் சுற்றிச் செல்வர். சில ஆண்டுகளில் புதர் மூடும். அங்கே வழி இருந்தது என்று சொல்ல முதியோர் இருவர் மூவரே எஞ்சுவர். பின்னர் அவர்களும் இரார்.

கவிஞர்க்கு இங்கே கடமை ஒன்று உண்டு. மூடுபனியையும் காப்பிப் பூவின் மணத்தையும் பாடிய கவிதைகள் பல உள. மலையாளி முதியோர் நாவில் வாழும் பாறைப் பெயர், சுனைப் பெயர், பாதைப் பெயர் ஆகியவை ஏட்டில் ஏறியது குறைவு. வரைபடத்தில் விடுதியின் பெயர் பொறிக்கப்பட்டு, அதனருகே செல்லும் வழி பெயரின்றிக் கிடந்தால், அவ்வழி மறைவதும் எளிது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தினர் ஆண்டில் சில நாள் மலையூர்களுக்கு நடந்து சென்று, அப்பெயர்களைக் கேட்டு எழுதுவராயின், அது கவிதைக்கும் வழக்குக்கும் ஒருசேரப் பயன்படும்.

மலைபடுகடாத்தில் கூத்தர்க்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளுள் ஒன்று இங்கு நினையத்தக்கது. வழி பிரியும் இடத்தை அடைந்தால், சென்ற வழியைப் பின்வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து வைத்துச் செல்லவேண்டும் என்பது அது. கூத்தர்க்கு அது சிறு வேலை, பொருட்செலவும் இல்லை. பின்னே வருபவர் யாரென்று முடிந்தவர்க்குத் தெரியாது. பெயர்களை எழுதிவைக்கும் பணியும் அத்தகையதே. அதனைத் தொடங்குவதற்கு இம்மலர் வெளியாகும் ஆண்டு ஏற்ற ஆண்டு.