புரையா, கண்ணாடியா? – பார்வை மங்கும்போது நாம் அறிய வேண்டியவை

(கண் பரிசோதனை முகாமையொட்டி, ஜும்ஆவுக்குப் பின் கீழ்வேளூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் மருத்துவர் அல்லர். எனினும் நம் மஹல்லாவில் நாம் செய்த ஒரு தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே இன்று பேச முன்வந்துள்ளோம்.

முதல் ஸஃப்பில் தவறாது நிற்கும் பெரியவர் ஒருவர். வயது எழுபதை நெருங்கியவர். பல்லாண்டுகளாகக் கண்ணாடி இன்றி அவரால் குர்ஆன் ஓத இயலாது. ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தெளிவாக ஓதினார். "ஹஜ்ரத், கண் திரும்பிவிட்டது" என்று மகிழ்ந்தார். நாமும் அல்லாஹ்வின் அருள் என்று வாழ்த்தினோம். சில மாதங்கள் சென்றன. எதிரில் வரும் சொந்தப் பேரனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் சுப்ஹுக்கு வரும்போது குளத்துப் படியில் கால் தவறி விழப் பார்த்தார். மருத்துவரிடம் அழைத்துச் சென்ற பிறகே விளங்கிற்று: திரும்பியது பார்வையன்று, வந்தது புரை.

இது எவ்வாறு நேர்கிறது? நம் கண்ணினுள் பளிங்கு போன்ற வில்லை ஒன்று உள்ளது. நாற்பது வயதை ஒட்டி அந்த வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. அருகிலுள்ள எழுத்து மங்குகிறது. இதனையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். இது நோயன்று, நமக்கும் வந்துள்ளது. படிக்கும் கண்ணாடி போதும். அறுபது வயது வரை அதன் எண் சிறிது சிறிதாக ஏறுவது இயல்பு. அதே வில்லை வெண்மையாகவோ பழுப்பாகவோ கலங்கிப்போவதுதான் கண்புரை. வில்லையின் நடுப்பகுதி இறுகிக் கலங்கும்போது அதன் ஒளிகுவிக்கும் ஆற்றல் கூடிவிடுகிறது. அதனால் கிட்டப் பார்வை சில காலம் தெளிந்து, தூரப் பார்வை மங்குகிறது. அந்தத் தெளிவும் நிலைப்பதில்லை. ஆகவே முதுமையில் கண்ணாடி திடீரெனத் தேவையற்றுப் போனால், மகிழ்வதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் நம் ஊரில் உண்டு. தாயார் ஒருவர், "எனக்குப் புரை விழுந்துவிட்டது, கத்தி வைப்பார்கள்" என்று அஞ்சி, இரண்டு ஆண்டுகள் எவரிடமும் சொல்லாமல், ஓதுவதையும் தைப்பதையும் நிறுத்திக்கொண்டார். பரிசோதித்தபோது புரையே இல்லை. பழைய கண்ணாடியின் எண் மாறியிருந்தது, அவ்வளவே. ஒருவர் புரையைக் கண்ணாடியால் தீர்க்க முயன்று காலம் கடத்தினார்; மற்றவர் கண்ணாடிக் குறையைப் புரை என்றெண்ணிக் காலம் கடத்தினார்.

இவ்விரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உள்ளன.

கண்ணாடியின் எண் மட்டும் மாறியிருந்தால், எழுத்தின் ஓரம் கலைந்து தெரியும், கண்களைச் சுருக்கிப் பார்த்தால் சற்றுத் தெளியும், நிறங்கள் மாறுவதில்லை. நீண்ட நேரம் படித்தால் தலைவலி வரலாம். சரியான புதிய கண்ணாடி அணிந்தவுடன் முழுமையாகத் தெளிவு கிட்டும்.

புரையாயின், பனி மூடிய கண்ணாடி வழியே பார்ப்பது போலிருக்கும். நாகப்பட்டினம் – திருவாரூர் சாலையில் இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கு சிதறிக் கூசும். விளக்கைச் சுற்றி வளையம் தோன்றும். வெள்ளைத் துணி மஞ்சளித்துத் தெரியும். முன்பு போதுமாக இருந்த விளக்கு இப்போது போதாது. ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் பிறை இரண்டாகத் தெரிவதுண்டு. ஆண்டுக்கு இருமுறை கண்ணாடி மாற்றியும் நிறைவு இராது. வலியோ சிவப்போ இன்றி மெல்ல மெல்லவே இது வரும்.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. கெட்டி அட்டை ஒன்றில் ஊசியால் சிறு துளை இடுங்கள். பள்ளிவாசல் சுவரிலுள்ள தொழுகை நேரப் பலகையைத் தூரத்திலிருந்து, வழக்கமான கண்ணாடியுடன், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பின்னர் அத்துளை வழியே பாருங்கள். எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி எண்ணின் குறையே. தெளியாவிட்டால் தடை கண்ணினுள்ளே இருக்கக்கூடும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்பது அவசியம். நல்ல கண் மற்றக் கண்ணின் குறையை மறைத்துவிடும். ஆயினும் இது மருத்துவரிடம் செல்லத் தூண்டும் சோதனையேயன்றி முடிவு கூறும் சோதனையன்று. புரையும் எண் மாற்றமும் ஒரே கண்ணில் சேர்ந்தே இருப்பதும் உண்டு. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு, வில்லையையும் விழித்திரையையும் கருவி கொண்டு பார்த்த பின்னரே மருத்துவர் உறுதி சொல்வார். அன்று சில மணி நேரம் பார்வை கூசும். வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பேருந்து நிலையத்தில் ஆயத்தமாக விற்கும் கண்ணாடியை அணிந்து பார்த்து வாங்குவது இந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணாடியின் எண்ணும் மாறும். ஆகவே சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபின் கண்ணாடி வாங்குங்கள். விழித்திரைப் பாதிப்பும் கண் நீர் அழுத்த நோயும் ஓசையின்றிப் பார்வையைப் பறிப்பவை. அவற்றால் இழந்த பார்வை பெரும்பாலும் மீளாது. புரை என்று நினைத்துக் காத்திருப்பவர் இவற்றுக்கு இரையாகிவிடக் கூடாது. திடீரெனப் பார்வை குறைதல், கடும் வலி, மின்னல் போன்ற ஒளி, திரை விழுவது போன்ற இருள் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறுவடைக் காலத்தில் நெற்சுணையோ தாளோ கண்ணில் பட்டு, அது புண்ணாகி ஆறிய வடுவையே "பூ விழுந்தது" என்கிறோம். அது கருவிழியில் ஏற்படுவது, புரையன்று.

"புரை முற்றிப் பழுக்கட்டும்" என்று காத்திருப்பது பழங்காலப் பேச்சு. மிகவும் முற்றினால் அறுவை கடினமாகும்; சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறி வலியும் உண்டாகும். அன்றாட வேலைக்குப் பார்வை இடையூறாகும்போதே அறுவைக்கு உரிய காலம் வந்துவிட்டது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. பச்சிலைச் சாறு பிழிந்து உள்ள கண்ணையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மருத்துவம் நமக்கு அந்நியமானதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். அவர் காலத்துக் கண் நோயாளிகள் 44 பேரின் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்னும் ஆலையை நிறுவிச் செயற்கை வில்லையை ஏழைக்கும் எட்டும் விலையில் தந்தது. இன்று சிறு கீறலின் வழியே கலங்கிய வில்லையை அகற்றிப் புதிய வில்லையைப் பொருத்துகின்றனர். அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி இது செய்யப்படுகிறது. அறுவைக்குப் பின்னும் பலருக்குப் படிக்கும் கண்ணாடி தேவைப்படும். அது அறுவையின் தோல்வியன்று.

அறுவையைத் தள்ளிப்போடும் நம் பெரியவர்கள் கூறும் காரணம் தொழுகை. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, சில நாட்கள் குனியக்கூடாது என்று மருத்துவர் கூறினால், நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. சைகையால் ஸஜ்தா செய்து தொழலாம். ஒளூ, தயம்மும் குறித்த விபரத்தை அறுவைக்கு முன்பே நம்மிடம் கேட்டுச் செல்லுங்கள். கண்ணில் இடும் சொட்டு மருந்தால் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் நிலையுமாகும். தொழுகைக்காகப் பார்வையை இழக்குமாறு மார்க்கம் எவரையும் பணிக்கவில்லை.

தொடக்கத்தில் கூறிய பெரியவர் அறுவை முடிந்து நலமாக உள்ளார், அல்ஹம்து லில்லாஹ். இப்போது மீண்டும் கண்ணாடி அணிந்தே ஓதுகிறார். பேரனைத் தெருமுனையிலேயே பெயர் சொல்லி அழைக்கிறார். நாற்பதைக் கடந்த ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அறுபதைக் கடந்தோரும் சர்க்கரை நோயுள்ளோரும் ஆண்டுதோறும் கண்ணைக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இளைஞர்களே, உங்கள் தெருவில் சுவரைத் தடவி நடக்கும் அத்தா, அம்மா எவரேனும் இருந்தால், அவர்கள் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் கண்களுக்கும் நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.