வானமும் தராசும்



அன்பார்ந்த நேயர்களே! திருக்குர்ஆனின் 55ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துர் ரஹ்மானில், வானம் உயர்த்தப்பட்டதும் தராசு நிலைநாட்டப்பட்டதும் ஒருங்கே கூறப்படுகின்றன. நிறுவையில் குறைவு செய்யலாகாது என்ற கட்டளையும் அவற்றைத் தொடர்ந்து வருகின்றது. வானத்துக்கும் தராசுக்கும் என்ன தொடர்பு என நாம் சிந்தித்ததுண்டா?

பெரும் விண்மீனொன்று தன் ஆயுள் முடிவில் ஒடுங்கி நியூத்திரன் விண்மீனாகின்றது. சுமார் 20 கிலோமீற்றர் குறுக்களவுக்குள் சூரியனை விஞ்சிய திணிவு அதில் அடங்கும். அத்தகைய சில, தம்மோடு இணைந்து சுற்றும் துணை விண்மீனிலிருந்து வாயுவை ஈர்த்தெடுக்கின்றன. அவ்வாயு சுழன்று விழுகையில் கடும் வெப்பமுற்று எக்ஸ் கதிர்களைச் சொரிகின்றது. அக்கதிர்கள் சீராக இரா. கூடும், குறையும், துடிக்கும்.

வளிமண்டலம் அவற்றைத் தடுப்பதால், பிதுருதலாகலை உச்சியில் நின்றாலும் அவற்றைக் காண இயலாது. 2015 செப்டெம்பர் 28இல் இந்தியா ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் என்னும் செய்மதியை ஏவியது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அதன் கருவியொன்று, 2016 மார்ச்சில் 4யூ 1728-34 என்னும் நியூத்திரன் விண்மீனை நோக்கியது. சிறிது சிறிதாகச் சேர்ந்திருந்த வாயு, அதன் மேற்பரப்பில் திடீரெனப் பற்றியெரிந்தது. அச்சுவாலையில் செக்கனுக்குச் சுமார் 363 தடவை எழுந்த துடிப்பு பதிவாகியது. அது அவ்விண்மீன் தன்னைத்தானே சுற்றும் வேகமாகும்.

நேயர்களே! செக்கனின் ஆயிரத்திலொரு பங்கில் நிகழும் ஏற்றத்தாழ்வை மனிதனின் கருவியே கணக்கிடுமாயின், படைத்தவனின் கணக்கிலிருந்து எது தப்பும்?

துணையிடமிருந்து எடுக்கும் விண்மீன்மீது குற்றமில்லை. அது அல்லாஹ் விதித்த நியதிக்குக் கட்டுப்பட்டது. மனிதனோ தெரிவு செய்யும் ஆற்றல் பெற்றவன், எனவே விசாரணைக்குரியவன். கொழுந்து மடுவத்தில் ஈரத்துக்கென நியாயத்துக்கு மேல் கழிக்கப்படும் ஒரு கிலோ, ஒரு தாயின் முழுப்பேரை அரைப்பேராக்கிவிடலாம். கடைத்தெருவில் குறையும் ஒரு பிடி அரிசி, ஒரு குழந்தையின் பங்காக இருக்கலாம். அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, கொடுக்கும்போது குறைப்போரை 83ஆவது அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கின்றது. வாங்குபவர் முஸ்லிமா, இந்துவா, பௌத்தரா, கிறிஸ்தவரா என்று தராசு கேட்பதில்லை. சிறிது சிறிதாகச் சேரும் அநீதியும் ஒருநாள் சுவாலையாகும்.

நாளை காலை தராசைத் தொடும் கரம் வானத்தை நினைவுகூரட்டும். நீதமாக நிறுப்போரின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.