திறந்த கணக்கும் மூடிய கதவும்

(ஊராட்சித் தலைவர்கள், செயலர்கள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



ஊராட்சி அலுவலகத்துப் பதிவேடுகளில் இருவகைச் செய்திகள் உள்ளன. ஒன்று, பொதுப் பணம் எவ்வாறு செலவாயிற்று என்பது. மற்றொன்று, ஊர் மக்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றியது. முன்னதை மறைப்பது தவறு. பின்னதை அம்பலப்படுத்துவதும் அதற்குச் சற்றும் குறையாத தவறு.

1994-ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்து மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பினர், கிராமங்களில் பொது விசாரணை கூட்டி, அரசாங்க வேலைகளின் கூலிப் பட்டியல்களை உரக்கப் படித்தனர். வேலையே செய்யாதவர்களின் பெயர்களும் அவற்றில் இருந்தது வெளியாயிற்று. பெயர் தெரிந்தமையாலன்றோ மோசடி தெரிந்தது!

நமது மாநிலம் 1997-இலேயே தகவல் பெறும் உரிமைக்கு ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் அமுலுக்கு வந்தது. கேட்பவரிடம் காரணம் கேட்கலாகாது. 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாயின் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் எவரும் கேளாமலே வெளியிட வேண்டுமென்பது அச்சட்டத்தின் 4-ஆவது பிரிவு.

அந்தரங்கமும் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆதார் எண்ணை எவரும் பகிரங்கமாக வெளியிடலாகாது என்பதும் சட்டமே.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் ஒரு விதியைச் சுருக்கியெழுதியது. சொந்தத் தகவலைப் பற்றிய அவ்விதிக்குள்ளேயே முன்பு இருந்த பொதுநல விலக்கு அதில் இல்லை. இதனைக் காட்டி, “பெயர் இருக்கிறது, ஆகவே தரமாட்டோம்” என்று சொல்லும் வழக்கம் தோன்றினால், கூலிப் பட்டியலும் மூடப்பட்டுவிடும், ஏமாற்றுவோரே அதனால் பயனடைவர். பொதுநலம் தீங்கினும் மேலோங்குமாயின் தகவலைத் தரலாம் என்னும் அதே 8-ஆவது பிரிவின் 2-ஆவது உட்பிரிவு மாறாமல் நிற்கிறது என்பதை மறவாதீர்கள்.

ஒரு முதியவளின் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். அவள் பெயரும் தொகையும் ஊர் அறியத்தக்கவை. தன் பெயரால் வேறொருவர் பணம் பெறுகிறார் என்பதை அவளே அறிய வேண்டாமா? ஆனால் அவளுடைய வங்கிக் கணக்கு எண்ணும், ஆதார் எண்ணும், நோயும் ஊருக்கு எதற்கு? இரண்டும் ஒரே தாளில் இருப்பின், தரத்தகாத பகுதியை மட்டும் மறைத்து, மற்றதைத் தர 10-ஆவது பிரிவு வழி செய்கிறது. தாளை முழுவதுமாக மறுப்பது எளிது. ஒரு வரியை மறைத்து மற்றதைத் தருவதே கடமை.

அடுத்த கிராம சபை கூடுமுன் உங்கள் அறிவிப்புப் பலகையை ஒருமுறை பாருங்கள். வரவு செலவு அதில் இருக்கிறதா? எவருடைய ஆதார் எண்ணேனும் தவறி இடம்பெற்றிருக்கிறதா? இல்லாததைச் சேருங்கள், இருக்கக்கூடாததை நீக்குங்கள். ஊரின் கணக்கு திறந்திருக்கட்டும். ஏழையின் வீட்டுக் கதவு அவர் விருப்பப்படி மூடியிருக்கட்டும்.