அட்டையில் கட்டிய நகரம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்காட்சிக்குப் பிள்ளைகள் செய்துவரும் தெர்மாகோல் வீடுகளுக்கு, ஒட்டியது சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறோம். அந்த மாதிரி என்ன சொல்கிறது என்று கேட்கிறோமா? எனக்குள் இந்தக் கேள்வியை எழுப்பியவர், நம்மைப் போலவே ஆசிரியராக இருந்த ஒரு கலைஞர்.

போடிஸ் இசெக் கிங்கெலெஸ் 1948-இல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் ஒரு கிராமத்தில் பிறந்தார். 1970-இல் தலைநகர் கின்ஷாசாவுக்கு வந்து பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, காகிதத்தில் ஒரு கட்டட மாதிரி செய்து அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றார். அதன் நேர்த்தியைப் பார்த்தவர்கள் அவரே செய்தது என்று நம்பவில்லை. அவர்கள் கண்முன்னே இன்னொன்றைச் செய்து காட்டினார். அங்கேயே கலைப்பொருள்களைச் சீரமைக்கும் வேலை கிடைத்தது.

வண்ணத்தாள், அட்டைப்பெட்டி, குளிர்பான டப்பா, பாட்டில் மூடி ஆகியவைதான் அவருக்குச் செங்கல்லும் சிமென்டும். எய்ட்ஸ் பலரைப் பலிகொண்ட காலத்தில், 1991-இல், அந்த நோயாளிகளுக்கான மருத்துவமனையைச் செய்தார். மொபுட்டுவின் சர்வாதிகாரம் நடந்த நாட்டில், 1996-இல், காவல்துறையே தேவைப்படாத ஒரு கனவு நகரத்தை மேசைமேல் எழுப்பினார். அவை வெறும் பொம்மைகள் அல்ல. நாட்டில் எது இல்லை என்பதைச் சொன்ன சிற்பங்கள். 2015-இல் அவர் மறைந்தார். 2018-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.

இந்தக் கதையை என் ஏழாம் வகுப்பில் சொல்லி, "நம்ம ஊர்ல இல்லாத, ஆனா வேணும்னு நினைக்கிற ஒரு கட்டடத்தைச் செய்யுங்க" என்றேன். காசு செலவழிக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. தீப்பெட்டியும் கல்யாணப் பத்திரிகையும் பிஸ்கட் அட்டையும் வந்து குவிந்தன.

ஒரு மாணவி பேருந்து நிறுத்தம் செய்திருந்தாள். கூரை, திண்ணை, பெண்களுக்குக் கழிப்பறை, நான்கு மூலையிலும் விளக்கு. "எதுக்கும்மா நாலு விளக்கு?" என்றேன். "டியூஷன் முடிஞ்சு இருட்டுல நிக்கப் பயமா இருக்கு சார்" என்றாள். ஒட்டியது கோணல்தான். ஆனால் அந்த வார்த்தையை எந்தக் கட்டுரை நோட்டிலும் அவள் எழுதியதில்லை.

அந்த மாதிரியைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தோம். விளக்கு இன்னும் வரவில்லை, தீர்மானத்தில் ஏறியிருக்கிறது. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த கண்காட்சியில் நன்றாகச் செய்த பிள்ளையிடம், "இது அப்பா செய்ததா?" என்று கேட்க வேண்டாம். "இதை ஏன் செய்தாய்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.