இரக்கமும் கீழ்ப்படிதலும்: 'கேட்டல்' என்னும் சொல் காட்டும் வழி

கிறித்தவத் தமிழில் அடிக்கடி வழங்கும் சொற்கள் இரண்டு: இரக்கம், கீழ்ப்படிதல். முன்னது இறைவன் மனிதனுக்கு அளிப்பது. பின்னது மனிதன் இறைவனுக்குச் செலுத்துவது. கீழ்ப்படிந்தால் இரக்கம் கிடைக்கும் என்று இவற்றைக் கொடுக்கல் வாங்கலாகக் கருதுவோர் உளர். விவிலியம் இக்கணக்கை ஏற்கிறதா என்பதைச் சொற்களின் வழியாகவே இன்று நாம் ஆராய்வோம்.

நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்பதை மாணவர்கள் அறிவர். பிரிவால் வருந்துதல் அது. ஆகவே இரக்கம் என்னும் சொல்லில், மேலிருந்து வழங்கும் கொடையைவிட உடன் வருந்துதலே முந்தி நிற்கிறது. எபிரேய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்' என்னும் சொல் தாயின் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. பழைய மொழிபெயர்ப்பில் 'கிருபை' என நின்ற சில இடங்களில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'பேரன்பு' என்கிறது. 136ஆம் திருப்பாடல் தக்க எடுத்துக்காட்டு. அம்மாற்றம் நன்று என்பது நம் கருத்து.

கீழ்ப்படிதல் என்னும் சொல்லோ உயர்வு தாழ்வைத் தன்னுள்ளேயே கொண்டது. துரைக்கும் கங்காணிக்கும் அடங்கித் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் செவியில் அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை உணர்தல் அரிதன்று. ஆனால் எபிரேயத்தில் கேட்டலைக் குறிக்கும் 'ஷாமா' என்னும் சொல்லே கீழ்ப்படிதலையும் உணர்த்தும். கிரேக்கச் சொல்லும் கேட்டல் என்னும் வேரிலிருந்தே பிறந்தது. தமிழ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 'அம்மா சொல்வதைக் கேள்' என்றால் அதன்படி நட என்பது பொருள். 'அம்மாவிடம் கேள்' என்றால் வேண்டிப் பெறு என்பது பொருள். (சங்க இலக்கியத்தில் உறவினரைக் குறிக்கும் 'கேள்' என்னும் பெயரையும் இதனோடு ஒட்டிப் பார்க்க ஆசை எழலாம். ஒலி ஒற்றுமை மட்டும் சான்றாகாது, அதனை விட்டுவிடுவோம்.)

இப்போது விடுதலைப் பயண நூலைத் திறப்போம். எகிப்தில் அடிமைப்பட்ட மக்களின் அழுகுரலை இறைவன் கேட்டதாக அதன் தொடக்க அதிகாரங்களே கூறுகின்றன. பத்துக் கட்டளைகளோ இருபதாம் அதிகாரத்தில்தான் வருகின்றன. முதலில் கேட்டவர் இறைவன். மக்கள் கேட்க வேண்டும் என்னும் கட்டளை அதன் பின்னரே பிறக்கிறது. இவ்வரிசையை மாற்றிப் போதிப்பவர் நூலை நடுவிலிருந்து படிப்பவர் ஆவார்.

லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் தொழுநோயாளர் பதின்மர் வருகின்றனர். அருகில் வர மரபு இடந்தராமையால் தொலைவில் நின்றே இரக்கம் கேட்கின்றனர். குருக்களிடம் சென்று உங்களைக் காட்டுங்கள் என்கிறார் இயேசு. நோய் உடலில் இருக்கும்போதே அவர்கள் நடக்கத் தொடங்குகின்றனர், வழியில் குணமடைகின்றனர். ஒன்பதின்மர் மேலே செல்ல, சமாரியர் ஒருவர் மட்டும் திரும்பி வந்து நன்றி கூறுகிறார். சொன்ன சொல்லை எழுத்துப்படி நிறைவேற்றியவர்கள் ஒன்பதின்மரே அல்லரோ? ஆயினும் இயேசு தேடிக் கேட்பது அவர்களையே. பாராட்டப்படுபவர் திரும்பி வந்தவர். அவர் கட்டளையை மட்டுமன்றி, அதன் பின்னிருந்த இரக்கத்தையும் கேட்டவர் என்று நாம் கொள்கிறோம்.

செலாயாங்கில் அமர்ந்து இக்கதையைப் பேசும்போது, அருகிலுள்ள சுங்கை பூலோவை நினையாதிருத்தல் இயலாது. தொழுநோயாளரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தும் சட்டம் 1926இல் வந்தது. சுங்கை பூலோ குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. சிறை போன்ற பழைய இடங்களுக்கு மாற்றாக, வீடுகளும் தோட்டங்களும் வழிபாட்டிடங்களுமாக அது அமைந்தது. இரக்கம் இல்லாமல் அத்தகைய ஊர் எழுந்திருக்காது. ஆனால் உள்ளே சென்றவர் விரும்பியபோது வெளியேற இயலவில்லை. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பலர் தத்துக் கொடுக்கப்பட்டனர். தாய்மார் சட்டத்தைக் கேட்டனர். தாய்மாரைச் சட்டம் கேட்கவில்லை. உலகப் போருக்குப் பின் சல்போன் மருந்து வந்து நோய் தீர்ந்த பிறகும், திரும்பிச் செல்ல வீடின்றிப் பலர் அங்கேயே தங்கினர். இன்று நம் வீடுகளுக்குப் பூச்செடி வாங்கச் செல்லும் அந்நாற்றங்கால்கள் அவர்கள் கையால் தொடங்கியவை.

அப்படியாயின் கீழ்ப்படிதல் வேண்டாததா என்று மாணவர் வினவலாம். வேண்டியதே. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு, துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று தந்தையிடம் கேட்கிறார். பின்னரே தந்தையின் விருப்பத்திற்குத் தம்மை ஒப்படைக்கிறார். கேட்கும் உரிமை மறுக்கப்பட்டவனின் அடக்கத்தை அதே பெயரால் அழைத்தல் பொருந்தாது. வகுப்பறையில் 'சொன்னதைக் கேள்' என்று நாள்தோறும் கூறும் ஆசிரியர்களாகிய நமக்கும் இவ்வேறுபாடு உரியதே.

ஒரு வினா எஞ்சியுள்ளது. சாமுவேல் முதல் நூலின் பதினைந்தாம் அதிகாரம் பலியைவிடக் கீழ்ப்படிதல் சிறந்தது என்கிறது; ஓசேயா ஆறாம் அதிகாரம் பலியைவிட இரக்கத்தை வேண்டுகிறது. பழைய மொழிபெயர்ப்பையும் பொது மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து, இவ்விரு பகுதிகளையும் மாணவர்கள் வாய்விட்டுப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.