ஒற்றை இழையும் ஒரு குடும்ப நோயும்



நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்குழல் அமைப்புகள் உண்டு. அக்குழல்களின் உட்சுவரில் பெரும்பாலான செல்களிலிருந்து ஒரே ஒரு நுண்ணிய இழை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் முதன்மைக் குற்றிழை. மூச்சுக்குழாயின் குற்றிழைகள் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. இதுவோ அசைவதில்லை. அதனாலேயே இதை வேலையற்ற எச்சம் என்று ஆய்வாளர்கள் பலர் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு குடும்ப நோய். பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் 1994-லும் 1996-லும் தெரியவந்தன. அவை உருவாக்கும் புரதங்களுக்குப் பாலிசிஸ்டின் 1, பாலிசிஸ்டின் 2 என்று பெயர். ஆனால் அவை எங்கே வேலை செய்கின்றன? விடைக்கு வழிகாட்டியவை எளிய உயிர்கள். 1999-இல் ஒரு சிறு புழுவின் உணர்வு நரம்புகளில், குற்றிழை இருக்கும் இடத்திலேயே, இதே குடும்பத்துப் புரதம் காணப்பட்டது. 2000-இல் ஒரு பச்சைப் பாசியில் குற்றிழைக்கு நிகரான கசையிழையை ஆராய்ந்தவர்கள், அது வளரத் தேவையான மரபணு எலியிலும் இருப்பதைக் கண்டார்கள். அந்த மரபணு பழுதான எலிகளின் சிறுநீரகத்தில் குற்றிழைகள் குட்டையாக இருந்தன, நீர்க்கட்டிகளும் இருந்தன.

பாலிசிஸ்டின்கள் இரண்டும் குற்றிழையின் சவ்வில் சேர்ந்தே இருப்பவை. முதல் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் மூன்றும் இணைந்திருப்பதை 2018-இல் வெளியான படங்கள் காட்டின. இவை பழுதானால் செல்லுக்குள் கால்சியத்தின் சமநிலை குலைகிறது, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப் பொருள் கூடுகிறது. செல்கள் பெருகுகின்றன, உள்ளே நீர் சுரக்கிறது, குழல் கட்டியாக வீங்குகிறது. அந்தத் தூதுப் பொருளைக் குறைக்கும் டோல்வாப்டான் என்ற மருந்து இன்று பல நாடுகளில் உண்டு. அது நோயைக் குணமாக்காது; தகுந்தவர்களுக்கு அதன் வேகத்தைத் தணிக்கும்.

தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. கட்டிகள் பல ஆண்டுகள் வலியின்றி வளரும். ரத்தக் கொதிப்புதான் பலருக்கு முதல் அறிகுறி. பலர் அறுபது வயதுக்குள் டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ வந்துவிடுகிறார்கள்.

ஆகவே, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீரக மருத்துவரைப் பார்த்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். இளம் வயதிலிருந்தே ரத்த அழுத்தத்தை அளந்து கட்டுக்குள் வையுங்கள். உப்பைக் குறையுங்கள். முன்கூட்டியே தெரிந்துகொண்டால், சிறுநீரகத்தைக் காக்கும் வழிகளை நேரத்தோடு தொடங்கலாம்.