காசநோய் ஒழிப்பில் பஞ்சாயத்தின் பங்கு



பயிரில் பூச்சி கண்டால் நாம் வாளாவிருப்பதில்லை. அது அடுத்த வயலுக்கும் பரவும் என்பதை அறிவோம். ஆனால் வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் இருமினால், ‘மலைக் குளிர்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். காசநோய்க்கு இந்த அசட்டையே துணை.

முற்காலத்தில் காசநோயாளரைக் குடும்பத்தினின்று பிரித்து, தாம்பரம் முதலிய இடங்களிலிருந்த சானடோரியங்களில் வைத்தனர். எல்லா நோயாளருக்கும் அங்கே படுக்கை ஏது? 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம் இதற்கு விடை கண்டது. நோயாளருள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டுக் காலம் ஒரே மருந்தைக் கொடுத்தனர். வறிய உணவும் நெருக்கடியான குடியிருப்புமாக இருந்தும், வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். உடன் வாழ்ந்தோருக்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: நிலையத்தார் வீடு தேடிச் சென்று, மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்று கவனித்து வந்தனர்.

1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. 1962-இல் தொடங்கிய தேசியத் திட்டமும் வீட்டுச் சிகிச்சையையே கைக்கொண்டது. இன்று சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாத மருந்தே போதும். உணவுக்காக 2018 முதல் வழங்கப்படும் உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. 2022-இல் அங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

இவ்வளவும் இருந்தும் கல்வராயன் மலையில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு மாதம் மருந்துண்டவருக்கு இருமல் தணிகிறது, உடல் தேறுகிறது. ‘நோய் போயிற்று’ என்று எண்ணி, மருந்தை விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் புறப்படுகிறார். எஞ்சிய கிருமி மீண்டும் தலையெடுக்கிறது. மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். அவர் புறப்படும் நாள் மருத்துவருக்குத் தெரியாது, ஊராருக்குத் தெரியும். முன்கூட்டிச் சுகாதாரப் பணியாளரிடம் சொன்னால், செல்லுமிடத்திலேயே மருந்து பெற ஏற்பாடு செய்யலாம்.

2023 முதல் ‘காசநோயில்லாப் பஞ்சாயத்து’ என்ற சிறப்பு வழங்கப்படுகிறது. இதற்கான விதிகளுள் இரண்டு முக்கியமானவை: ஓராண்டில் ஆயிரம் பேருக்கு 30 பேரையேனும் சோதித்திருக்க வேண்டும், நோயாளர் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேற்படலாகாது. சோதிக்காமலே நோயில்லை என்பது, கணக்குப் பாராமல் கடனில்லை என்பது போன்றதே.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவோர், மாலைக் காய்ச்சல் உள்ளோர், உடல் மெலிவோர் ஆகியோரைத் தத்தம் வார்டில் கண்டறிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். நோயுற்றோரை ஒதுக்காதீர்கள். அன்று ஆராய்ச்சி நிலையத்தார் வீடு தேடிச் சென்று செய்த பணியை, இன்று நம் ஊரில் நாமே செய்வோமாக!